கூட இருந்தவள்

உயில் எழுதாமல் செத்துப்போகிறவர்களின்
சொந்தக்காரர்களைத் தேடிப் பிடிப்பது என் பிழைப்பு.
கிடைப்பதில் நூற்றுக்குப் பதினைந்து எனக்கு.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளைனாவில் இறங்கியபோது மழை.
வீடுகளுக்குப் பின்னால் சுரங்கம் கழித்த ஸ்லேட் குவியல்கள்;
எது மலை, எது குப்பை என்று
எங்களுக்கே மறந்துவிட்டது என்றார் டாக்சிக்காரர்.

கதவைத் திறந்த மெய்ர்வெனின் கையில்
பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு.
"இத்வாலின் காகித விஷயமா? வாருங்கள்.
கால்மிதியைத் தாண்டி மிதியுங்கள்,
அடியில் பலகை உடைந்திருக்கிறது.
சரிபண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்."

முப்பத்தோரு வருடம்.
ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று நான் கேட்கவில்லை,
எல்லாரும் கேட்டிருக்க வேண்டும், அவளாகவே சொன்னாள்:
"சனிக்கிழமை அவருக்கு பேண்ட் வாத்தியம்,
எனக்கு பேக்கரி.
சனிக்கிழமை இல்லாமல் யார் கல்யாணம் செய்வார்கள்?"

சமையலறை மேசையில் வம்ச வரைபடத்தை விரித்தேன்.
சுருண்டுகொள்ளாமலிருக்க
ஒரு முனையில் அவள் உப்பு ஜாடியை வைத்தாள்.
கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு,
பிள்ளைக்கு ஒற்றைக் கோடு கீழ்நோக்கி.
தகப்பன் ஹைவெலிலிருந்து இரண்டு இரட்டைக் கோடுகள்.
ஒன்றின் கீழே இத்வால், கட்டத்தில் கறுப்பு மை.
மற்றது பக்கவாட்டில் நீண்டு கடல் தாண்டி
சஸ்கட்டூனில் முடிகிறது:
கோரோன்வி, எழுபத்தாறு வயது, லாரி ஓட்டி ஓய்ந்தவர்.
தகப்பன் ஒருவன், தாய் வேறு.
நான்கு வயதில் தாயோடு கப்பல் ஏறியவர்
இத்வாலின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

சட்டம் மாடிப்படியில் உருளும் பந்து மாதிரி.
மனைவியா, இல்லை. பிள்ளையா, இல்லை.
பெற்றவர்களா, புதைத்தாயிற்று.
கூடப் பிறந்தவர்கள் இல்லை.
பாதி கூடப் பிறந்தவர், ஆம், அங்கே நிற்கிறது.
கூடப் பிறப்பதற்கு ஒரு படி இருக்கிறது,
பாதி பிறப்பதற்கும் இருக்கிறது.
கூட இருந்ததற்கு இல்லை.

மெய்ர்வென் பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தாள்.
உள்ளே லீக் விதைப் பொட்டலம்; அதன் முதுகில் பென்சிலில்:
'வீடு மெய்ர்வெனுக்கு. டிராம்போன் இயூவனின் பையனுக்கு.'
கீழே இத்வாலின் கையெழுத்து.

இரண்டு சாட்சிகள் சேர்ந்து நின்று பார்த்திருக்க வேண்டும்,
அவர்களும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்றேன்.
"நான் பக்கத்தில்தான் நின்றேன்,
அன்றைக்குக் குப்பை வண்டி வருகிற நாள்."
நீங்கள் ஒருவர்தான்.
தவிர, பெறுகிறவர் சாட்சியானால்
பெற முடியாது.
அதைச் சொல்லும்போது
என் குரல் அலுவலகக் குரலாகிவிடுகிறது, தெரியும்.

பொட்டலத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.
விதை இன்னும் இருந்தது.

சஸ்கட்டூனில் அப்போது காலை.
கோரோன்வி முதலில் கேட்டது, "எவ்வளவு தேறும்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, "இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

"சட்டப்படி யாருமில்லை" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால்,
குழாயை முழுக்கத் திறந்தால் சுவர் அதிரும் என்று தெரிந்த ஒருத்தி
பாதி திறந்து
கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீதிமன்றத்தில் அவள் கேட்கலாம்.
நிர்வாகப் பத்திரம் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம்.
கிடைக்கலாம், கொஞ்சம் கிடைக்கலாம்.
அதைச் சொல்வது என் வேலையில்லை,
எனக்குப் பதினைந்து தருகிறவர் கோரோன்வி.
தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்த உறையில்
பாங்கரில் உள்ள ஒரு வக்கீலின் எண்ணை எழுதினேன்,
'ஆறு மாதம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
கையெழுத்துப் போடவில்லை.

கிளம்பும்போது யாரும் சொல்லாமலே
கால்மிதியைத் தாண்டி மிதித்தேன்.
சஸ்கட்டூனிலிருந்து வருகிறவருக்கு
அந்தப் பலகையைப் பற்றித் தெரியாது.
அறிக்கையில் நான் எழுதவும் இல்லை.